பெரியப்பா விழுந்த வீடியோவை டிவிக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு ஊர் சேரன்மகாதேவி பக்கம். ஆடி மாதக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு எங்கள் பெரியப்பா சுடலைமாடனுக்கு நேர்ந்துவிட்ட கிடாவைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வரப்பு வழியாக வந்தார். வேட்டுச் சத்தத்தில் கிடா மிரண்டு இழுத்ததில், நடவுக்குத் தொழி அடித்து, சேறாக்கிப் போட்டிருந்த வயலுக்குள் குப்புற விழுந்து கொஞ்ச தூரம் இழுபட்டுப் போய்விட்டார். வேட்டியும் அவிழ்ந்துவிட்டது. பிளஸ் ஒன் படிக்கும் என் தம்பி அதை போனில் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டான். யார் யாரோ எடுத்து, வெட்டி, சினிமா காமெடி வசனம் சேர்த்துப் போட்டு லட்சக்கணக்கில் பார்த்துவிட்டார்கள். ஒரு பக்கத்தில் வேட்டி அவிழ்ந்த இடத்தை நிறுத்திப் பெரிதாக்கியே காட்டுகிறார்கள். இப்போது ஒரு டிவியில் இருந்து, சிரிப்பு வீடியோக்கள் போடும் நிகழ்ச்சிக்கு வேண்டும், 3,000 ரூபாய் தருகிறோம், சனிக்கிழமைக்குள் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்கிறார்கள். பெரியப்பா டீக்கடைக்குப் போவதையே விட்டுவிட்டார், பயல்கள் பின்னால் நின்று ஆடு மாதிரி கத்துகிறார்களாம். பங்காளிகளான சொக்காரர்கள் எல்லாம் 'டிவியில் வந்தால் பெருமைதானே' என்கிறார்கள். கொடுக்கலாமா? எடுத்துப் போட்டவர்களை என்ன செய்வது? கோர்ட்டுக்குப் போனால் என்ன ஆகும்?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

இந்த வாரம் கையெழுத்துப் போட வேண்டாம். எப்போதுமே போடக்கூடாது என்று சொல்லவில்லை, ஆனால் சனிக்கிழமை என்பது அவர்களுடைய கெடு, உங்களுடையது இல்லை. எபிசோடுக்கு வீடியோ குறையும்போது எல்லா வீட்டுக்கும் இதே கெடுதான் போகும். டிவி நிகழ்ச்சிகளுக்கு இப்படி வீடியோத் துண்டு தேடி, ஆளைக் கண்டுபிடித்து, அனுமதி வாங்கிக் கொடுப்பதுதான் என் தொழில், அதனால் உங்களுக்கு போன் பண்ணிய பையனின் நெருக்கடியும் எனக்குத் தெரியும். அவன் கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அவன் கேட்க வேண்டிய ஒரு ஆளை இன்னும் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை என்று உங்கள் கடிதத்தைப் படித்தால் தெரிகிறது. சொக்காரர்கள் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள், தம்பி செய்ததை எழுதியிருக்கிறீர்கள், பெரியப்பா டீக்கடைக்குப் போகவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள், அவர் வாயால் என்ன சொன்னார் என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை.

இந்த மாதிரி நிகழ்ச்சி எப்படிப் பிறந்தது என்று கொஞ்சம் சொல்கிறேன், உங்கள் விஷயத்துக்கு அது தேவைப்படுகிறது. ஜப்பானில் டிபிஎஸ் தொலைக்காட்சியில் 1986-ல் கட்டோ சா, கென் ஷிமுரா என்ற இரண்டு நகைச்சுவை நடிகர்கள் ஒரு நிகழ்ச்சி தொடங்கினார்கள். வீட்டில் கையடக்கக் கேமரா வாங்க ஆரம்பித்த காலம் அது. நேயர்கள் வீட்டில் எடுத்த வேடிக்கைக் காட்சிகளை அனுப்பச் சொல்லி அதில் ஒரு பகுதி வைத்தார்கள். அந்த ஒரு பகுதியைப் பார்த்துத்தான் வின் டி போனா என்ற தயாரிப்பாளர் அமெரிக்காவில் 'அமெரிக்காஸ் ஃபன்னியஸ்ட் ஹோம் வீடியோஸ்' நிகழ்ச்சியை உருவாக்கினார். 1989 நவம்பரில் ஏபிசி-யில் ஒரு சிறப்பு நிகழ்ச்சியாகப் போட்டார்கள், பிடித்துப்போக, 1990 ஜனவரியில் இருந்து தொடராகிவிட்டது. பாப் சாகெட் தொகுத்து வழங்கினார். அதே 1990-ல் இங்கிலாந்தில் ஐடிவி-யில் 'யூ'வ் பீன் ஃப்ரேம்ட்' வந்தது. அமெரிக்காவில் அப்போது வாரப் பரிசு 10,000 டாலர், பெரிய பரிசு 100,000 டாலர். இங்கிலாந்தில் ஒளிபரப்பாகும் ஒவ்வொரு துண்டுக்கும் 250 பவுண்ட் என்று பல வருஷம் ஓடியது.

இதில் கவனிக்க வேண்டியது பரிசுத் தொகையை இல்லை. அந்தக் காலத்து டேப் தபாலில் வந்தது. யாரோ ஒருவர் வீட்டில் உட்கார்ந்து, விழுந்த மாமாவோ கேக்கில் முகம் புதைத்த பிள்ளையோ பக்கத்தில் இருக்க, எல்லாருமாகப் பார்த்துச் சிரித்துவிட்டு, 'இதை அனுப்புவோமா' என்று கேட்டு அனுப்பினார்கள். அனுமதி என்பது அந்தக் கவருக்குள்ளேயே வந்துவிட்டது. விழுந்தவனும் சேர்ந்து சிரித்த வீடியோதான் பெரும்பாலும் ஸ்டுடியோவுக்கு வந்தது. போன் வந்தபிறகு, அப்புறம் எம்டிவி-யில் 2011-ல் ஆரம்பித்த 'ரிடிக்யுலஸ்னஸ்' மாதிரி இணையத்தில் ஏற்கெனவே பரவியதை எடுத்து உட்கார்ந்து பேசும் நிகழ்ச்சிகள் வந்தபிறகு, வரிசை தலைகீழாகிவிட்டது. முதலில் ஊர் சிரிக்கிறது, பிறகு உலகம் சிரிக்கிறது, கடைசியில் ஒரு படிவம் வருகிறது. விழுந்தவருக்கு அதிலும் இடம் இல்லை. உங்கள் வீட்டில் நடந்திருப்பது அப்படியே இதுதான்.

அதனால் முதல் வேலை, நீங்களும் தம்பியுமாகப் பெரியப்பா வீட்டுக்குப் போய் உட்காருங்கள். பெரியம்மாவும் இருக்கட்டும். கூட்டமாகப் போகாதீர்கள், சொக்காரர்கள் யாரும் வேண்டாம், அவர்கள் முன்னால் அவர் 'சரி போட்டுக்கோ' என்று சொன்னால் அது சம்மதம் ஆகாது, கூச்சத்தில் வந்த வார்த்தை. தம்பி முதலில், அவரைக் கேட்காமல் போட்டதற்கு மன்னிப்புக் கேட்கட்டும், காரணம் எதுவும் சொல்லாமல். பிறகு அவரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: இதில் உங்களுக்கு எது வலிக்கிறது? விழுந்தது என்று நாம் நினைப்போம், பெரும்பாலும் அது இருக்காது. வயலில் விழாத ஆள் அந்தப் பக்கம் யார் இருக்கிறார்? வேட்டி அவிழ்ந்ததாக இருக்கலாம். சாமிக்கு நேர்ந்த கிடாவோடு இப்படி விழுந்துவிட்டோமே என்ற சங்கடமாக இருக்கலாம், அதை நாம் லேசாக எடுக்கக்கூடாது. கோயில் பெயர்ப்பலகை தெரிவதால் கமெண்டில் எவனோ சாதியை இழுத்துப் பேசியதாக இருக்கலாம். நம் பக்கத்தில் அது எங்கே போய் முடியும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எது வலிக்கிறது என்று தெரிந்தால்தான் எதை மறைக்கலாம், எதை வெட்டலாம், மொத்தமாகவே வேண்டாமா என்பது தெரியும்.

உங்கள் கடிதத்தோடு முழு வீடியோவையும் அனுப்பியிருந்தீர்கள், அது நல்லதாகப் போயிற்று. பரவிய துண்டையும் தேடிப் பார்த்தேன். இரண்டும் ஒரே வீடியோ இல்லை. பரவியது அவர் தொழியில் இழுபட்டு வேட்டி அவிழும் இடத்தில் நிற்கிறது, அதையே மூன்று தடவை திருப்பிக் காட்டுகிறார்கள். உங்கள் தம்பி எடுத்ததில் அதற்கு அப்புறமும் ஓடுகிறது: முழங்கால் சேற்றில் எழுந்து நிற்கிறார், இடது கையால் வேட்டியைச் சுற்றிக்கொள்கிறார், வலது கையில் கயிறு அப்படியே இருக்கிறது. கிடாவை அவர் விடவே இல்லை! கரையில் நின்றவர்கள் கைதட்டுகிறார்கள், அவரும் முகத்துச் சேற்றை வழித்துவிட்டுச் சிரிக்கிறார்.

இந்த நிகழ்ச்சிகளை ஒழுங்காகச் செய்பவர்களுக்கு அந்தக் கடைசிப் பகுதிதான் உயிர். ஒருவன் விழுந்ததும் நமக்குள் ஒரு பதற்றம் வருகிறது, அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த நொடியில் அது சிரிப்பாக மாறுகிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் பீட்டர் மெக்ராவும் கேலப் வாரனும் 2010-ல் இதை ஆய்வாகவே எழுதினார்கள், ஏதோ ஒன்று முறை தவற வேண்டும், அதே நேரம் அதனால் கேடு இல்லை என்றும் தெரிய வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் சிரிப்பு என்று. எழுந்து நிற்பதை வெட்டிவிட்டால் கேடு இல்லை என்பது போய்விடுகிறது, மிச்சம் இருப்பது ஒரு வயசாளியின் அவமானம் மட்டும். தொல்காப்பியம் நகை பிறப்பதற்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நான்கு காரணம் சொல்கிறது. வீடியோவை வெட்டிப் போட்ட பக்கங்களை நடத்துகிறவர்கள் மற்ற மூன்றையும் வெட்டி எறிந்துவிட்டு எள்ளலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பெரியப்பாவுக்கு முழு வீடியோவை யாராவது காட்டினார்களா? காட்டவில்லை என்றே நினைக்கிறேன். காட்டுங்கள். அதைப் பார்த்த பிறகு அவர் சொல்வதுதான் அவருடைய பதில்.

அவர் வேண்டாம் என்றால் அத்தோடு முடிந்தது. வற்புறுத்த வேண்டாம், 3,000 ரூபாய் எங்கேயும் சம்பாதிக்கலாம். டிவிக்கு போனில் சொல்லி விடாமல், 'எங்கள் வீடியோவைப் பயன்படுத்த அனுமதி இல்லை' என்று வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் அனுப்பிவிடுங்கள், தேதியோடு அது பதிவாக இருக்கும். அதையும் மீறிப் போட்டால் அந்த சேனலின் குறைதீர்ப்பு அலுவலருக்குப் புகார் எழுதலாம். 2021-ல் திருத்திய கேபிள் டிவி விதிப்படி ஒவ்வொரு சேனலுக்கும் அப்படி ஒருவர் இருந்தாக வேண்டும், 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால், சேனல் எந்த சுய ஒழுங்குமுறை அமைப்பில் இருக்கிறதோ அங்கே போகலாம். பொழுதுபோக்கு சேனல்களுக்காக 2011-ல் இருந்து பிசிசிசி என்ற ஒளிபரப்பு உள்ளடக்கப் புகார் குழு இருக்கிறது.

சரி என்றால், இனிதான் வேலை இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

சட்டப்படி வீடியோ விழுந்தவருடையது இல்லை, எடுத்தவனுடையது. 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் அப்படித்தான் பார்க்கிறது. இன்ஸ்டாகிராமில் போட்டதால் உரிமை போய்விடவும் இல்லை, தளம் காட்டுவதற்கு ஒரு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். வேறு பக்கமோ டிவியோ எடுத்துக்கொள்ள அது அனுமதி ஆகாது. ஆக, உரிமை உங்கள் தம்பிக்கு. ஆனால் அவனுக்கு 18 ஆகவில்லை, 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி அவன் போடும் கையெழுத்து செல்லாது. படிவத்தை நேரே அவனுக்கு அனுப்பியிருக்கிறார்கள் பாருங்கள், அது அவர்கள் சைடு தப்பு. அப்பாவோ அம்மாவோ காப்பாளராகக் கையெழுத்துப் போட வேண்டும். பெரியப்பாவிடம் தனியாக ஒரு சம்மதக் கடிதம், அவர் முகம் காட்டலாம் என்று, அவர் கையெழுத்தோடு வாங்கச் சொல்லுங்கள். நல்ல தயாரிப்புக் குழு இதைக் கேட்டால் சந்தோஷப்படும்.

அடுத்தது படிவம். நீங்கள் அனுப்பிய இரண்டு பக்கத்தில் 'உலகம் முழுவதும், காலவரம்பின்றி, எல்லா ஊடகங்களிலும், தனியுரிமையாக' என்று ஒரு வரி இருக்கிறது. இதற்குக் கையெழுத்துப் போட்டால் நாளைக்குத் தம்பியே அவன் பக்கத்தில் அதைப் போட முடியாது. அவர்கள் இன்னொரு சேனலுக்கோ விளம்பரத்துக்கோ விற்கலாம், உங்களுக்குத் தகவல்கூட வராது. உலகத்தில் இப்படித் துண்டுகளை வாங்கி வாங்கி விற்பதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன, ஜூகின் மீடியா என்று 2009-ல் தொடங்கிய ஒன்று அதிலேயே பெரிதாக வளர்ந்தது, அது தவறான தொழிலும் இல்லை. ஆனால் எதை விற்கிறோம் என்று தெரிந்து விற்க வேண்டும். 'தனியுரிமையாக' என்ற வார்த்தையை அடித்துவிட்டு, இந்த நிகழ்ச்சியில் மட்டும், இத்தனை வருஷம், இந்த சேனலும் அதன் யூடியூப் பக்கமும் மட்டும் என்று எழுதச் சொல்லுங்கள். நம் சட்டத்தில் காலம் எழுதாமல் விட்டால் 5 வருஷம், இடம் எழுதாமல் விட்டால் இந்தியா என்றுதான் கணக்கு, அதாவது ஒன்றுமே எழுதாமல் இருந்தாலே உங்களுக்கு இந்தப் படிவத்தைவிட நல்லது.

இன்னொரு வரி இரண்டாம் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கிறது, எனக்கு அதிகக் கவலை தருவது அதுதான். இந்த வீடியோ சம்பந்தமாக யார் எந்த வழக்குப் போட்டாலும் செலவும் நஷ்டஈடும் உங்கள் பொறுப்பு என்கிறது. பின்னணியில் வில்லுப்பாட்டு கேட்கிறதே, அதைக் கவனித்தீர்களா? சுடலைமாடன் கதைக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை, அது வழிவழியாக வந்தது. ஆனால் அந்தக் குழு பாடிய பாட்டு, அதில் பாடுகிற அம்மாவின் குரல், அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு, நிகழ்த்துநர் உரிமை என்று சட்டத்திலேயே இருக்கிறது. நடுவில் ரேடியோ செட்டில் இருந்து ஒரு சினிமாப் பாட்டும் வருகிறது, அது ஏதோ ஒரு ஆடியோ கம்பெனியுடையது. இதற்கெல்லாம் நீங்கள் எப்படிப் பொறுப்பேற்க முடியும்? 'வீடியோ நாங்கள் எடுத்தது, பின்னணி இசைக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று எழுதுங்கள். சேனல் சத்தத்தை நீக்கிவிட்டு அவர்கள் இசையைப் போட்டுக்கொள்வார்கள், வழக்கமாக நடப்பதுதான். வில்லுப்பாட்டுக் குழுவிடம் கேட்டு அவர்களுக்கும் ஒரு தொகை கொடுத்து அந்த உடுக்கையும் குடமும் கேட்கும்படி வைத்தால் எனக்கு இன்னும் பிடிக்கும், தென்னாட்டுக் கொடையின் சத்தம் சென்னை ஸ்டுடியோவில் கிடைக்காது. கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதோடு நிபந்தனையாக எழுத வேண்டியவை: வேட்டி அவிழும் இடத்தை மறைக்க வேண்டும் அல்லது அதற்கு முன்னால் காட்சியை மாற்ற வேண்டும். கோயில் பலகை, ஊர்ப் பெயர், பெரியப்பா பெயர் எதுவும் வரக்கூடாது. அவர் எழுந்து சிரிக்கும் கடைசிப் பகுதி கட்டாயம் வர வேண்டும். உடம்பையும் வயசையும் வைத்துத் தொகுப்பாளர் கேலி பேசக்கூடாது. வசனம் எழுதுவது அவர்கள் உரிமை என்று சொல்வார்கள், சொல்லட்டும். பாப் சாகெட் காலத்தில் இருந்தே இந்த நிகழ்ச்சிகளில் நன்றாக எடுபடுவது, படத்தில் இருக்கும் நாய்க்கும் பூனைக்கும் குரல் கொடுத்துப் பேசுவதுதான். இங்கே ஒரு கிடா இருக்கிறது, மிரண்டு ஓடியது அதுதான், பேச வேண்டியதும் அதுதான். அந்தக் கிடா திருநெல்வேலித் தமிழில் 'ஏல விடுல, வேட்டுச் சத்தம் கேக்கலியா' என்று கத்தினால் பெரியப்பாவே சிரிப்பார். அதை டிவியில் இருந்து போன் பண்ணிய அந்தப் பையனிடம் சொல்லுங்கள், அவனுக்கு யோசனை கிடைத்த மாதிரியும் இருக்கும்.

பணம் முழுதும் பெரியப்பாவுக்குப் போகட்டும் என்பது என் கருத்து. சட்டம் தம்பிக்கு என்றாலும் விழுந்தது அவர்.

இப்போது எடுத்துப் போட்டவர்கள் விஷயம். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு விதமாகப் புகார் கொடுக்கலாம். ஒன்று பதிப்புரிமைப் புகார், அதைத் தம்பியின் பெயரில் அப்பா கொடுக்க வேண்டும், மூல வீடியோவின் இணைப்பையும் வைத்து. இன்னொன்று அந்தரங்கத்தை மீறியதாகப் புகார், அதைப் பெரியப்பா கொடுக்க வேண்டும், இன்ஸ்டாகிராம், யூடியூப் இரண்டிலும் அதற்குப் படிவம் இருக்கிறது. வேட்டி அவிழ்ந்த இடத்தை நிறுத்திப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு பக்கத்தை எழுதியிருந்தீர்களே, அதை முதலில் செய்யுங்கள், அரைகுறை ஆடைக் காட்சி என்று குறிப்பிட்டால் மற்றதைவிட விரைவாக எடுத்தாக வேண்டும் என்று விதி இருக்கிறது. சாதி சொல்லித் திட்டிய கமெண்டுகள் இருந்தால் அழிப்பதற்கு முன்னால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மிரட்டல் மாதிரி ஏதாவது இருந்தால் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ கொடுங்கள், தயங்க வேண்டாம்.

கோர்ட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்றும் கேட்டிருந்தீர்கள். 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னது, அதற்கும் முன்னால் 1994-ல் நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே, ஒருவரின் சொந்த வாழ்க்கையை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது என்று தீர்ப்பு வந்திருக்கிறது. ஆனால் கொடை என்பது ஊரே கூடிய பொது இடம், எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார். வழக்கு வருஷக்கணக்கில் போகும், அந்தத் துண்டும் அதுவரை ஓடிக்கொண்டிருக்கும். புகார் வழியில் நீக்குவதுதான் உங்களுக்கு உதவும்.

தம்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவனை ரொம்பத் திட்டாதீர்கள், அவன் முழுசாகத்தான் எடுத்தான், அவர் எழுந்து சிரிக்கும் வரை கேமராவை நிறுத்தவில்லை. ஆனால் கனடாவில் 2002-ல் ஒரு பள்ளி மாணவன் கம்பைச் சுழற்றி விளையாடித் தனக்காக எடுத்துக்கொண்ட வீடியோவை, அடுத்த வருஷம் கூடப் படித்தவர்கள் அவனைக் கேட்காமல் இணையத்தில் ஏற்றினார்கள். கேலி தாங்காமல் அவன் அந்தப் பள்ளியையே விட வேண்டியதாயிற்று, குடும்பங்களுக்குள் நடந்த வழக்கு 2006-ல்தான் சமரசத்தில் முடிந்தது. இதை அவனிடம் சொல்லுங்கள், பயமுறுத்துவதற்காக இல்லை. நாளைக்கு அவனுடைய வகுப்பில் எவனாவது விழுந்தால் போனை எடுக்கும்போது ஞாபகம் வரட்டும்.

டீக்கடையில் ஆடு மாதிரி கத்தும் பயல்களை என்ன செய்வது என்று எனக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றுகிறது, அதுவும் பெரியப்பா சரி என்றால் மட்டும். முழு வீடியோவைத் தம்பியே அவன் பக்கத்தில் திரும்பப் போடட்டும், வேட்டி இடத்தை மறைத்து, கயிறு கையில் இருப்பது தெரியும்படி. ஊர்க்காரர்கள் பாதிப் பேர் இன்னும் வெட்டிய துண்டைத்தான் பார்த்திருப்பார்கள். கிடாவை விடாமல் பிடித்த ஆள் என்று தெரிந்தால் பேச்சு மாறும், எல்லாரிடமும் மாறாது, கொஞ்சம் பேரிடமாவது மாறும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். தம்பி போனில் இருக்கும் மூல வீடியோவை இன்றைக்கே ஒரு பென்டிரைவிலும் ஒரு லேப்டாப்பிலும் கேபிள் போட்டு ஏற்றி வையுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தால் தரமும் போகும், எப்போது எந்த போனில் எடுத்தது என்ற விவரமும் போய்விடும், நீங்கள்தான் எடுத்தீர்கள் என்று காட்ட அதுதான் ஆதாரம். பெரியப்பா சரி என்று சொன்னால், சேனல் திருத்தி அனுப்பும் படிவத்தை எல்லாப் பக்கமும் தெரியப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். எந்த வரியை அடிக்க வேண்டும் என்று குறித்து அனுப்புகிறேன், அதற்கு அப்புறம் கையெழுத்துப் போடலாம்.